பதினோராம் நிலை

2025 மார்ச் 5, சாம்பல் புதன். மதுரை பழங்காநத்தத்தில் ஒரு வீட்டின் முன்னறையில், மாலைப் பூசைக்கு மணி அடிக்கும் முன்பு, சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளில், இயேசுவைச் சிலுவையில் அறையும் பதினோராம் நிலைக்கான மரக்கட்டை செதுக்கி முடிக்கப்பட்டது.

செதுக்கியவர் பிலோமினாள். மிஷன் பெண்கள் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை. கல்லூரியில் மர அச்சு படித்தவர். திருமணத்துக்குப் பின் உளிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைத்திருந்தார்.

பங்குக் கோயிலில் முன்பு இருந்தவை பிளாஸ்டர் உருவங்கள். போன மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறி, பாதிக்கு மேல் உப்புப் பூத்து உதிர்ந்துவிட்டன. ஃபாதர் ஜெரால்ட் புதிய உருவங்களுக்கு விசாரித்துக்கொண்டிருந்தபோது, “மரத்துல வெட்டி அச்சடிச்சு நான் தாரேன் ஃபாதர், பெரிய வெள்ளிக்குள்ள முடிச்சிரலாம்” என்று பிலோமினாள் சொன்னார். மகன் இறந்த பிறகு அவராக வாய் திறந்து கேட்ட முதல் வேலை அது. ஃபாதர் மறுபேச்சுப் பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு பட்டை விட்டு, அதில் பாடுகளின் கருவிகளை வரிசையாக வைக்க வேண்டும். சாட்டை, கயிறு, ஆணி, குறடு, சுத்தியல், ஏணி, பகடை. ஐரோப்பாவில் பழைய மர அச்சுகளில் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். எழுத்துத் தெரியாதவன் அந்த வரிசையைப் பார்த்தே என்ன தண்டனை, யார் கொடுத்தது என்று படித்துக்கொள்வான்.

மகன் பெயர் மெர்வின். 2022 நவம்பரில், தூறல் விழுந்த ஒரு மாலையில், அவனியாபுரம் பக்கம் ரிங் ரோட்டில் அவன் பைக் மீது ஒரு மினி லாரி மோதியது. ஓட்டியவர் லாரியை விட்டுவிட்டு ஓடிவிட்டார். லாரி ஒரு பட்டறைக்குப் பழுதுபார்க்க வந்திருந்தது. அங்கே வேலை பார்த்த காசிமாயன் மீது வழக்குப் போட்டார்கள். ஸ்டியரிங்கில் அவரைப் பார்த்த சாட்சி யாரும் இல்லை. தான் அன்று மாலை பட்டறையிலேயே இல்லை என்று காசிமாயன் சொன்னார். சந்தேகத்தின் பலன் அவருக்குப் போனது. வழக்கு நடந்த நாட்களில் பிலோமினாள் ஒரு வாய்தாவைக்கூட விடவில்லை. ஒரே பெஞ்சில், ஒரே ஓரத்தில் உட்கார்ந்து அந்த முகத்தின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டைக்கு மை உருட்டுவது அவர் கணவர் லூர்துராஜின் வேலை. பால் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அச்சு எந்திரம் இல்லை. கண்ணாடித் தட்டில் மையைப் பரப்பி ரோலரை முன்னும் பின்னும் ஓட்டுவார். மை பதத்துக்கு வந்தால் ரோலருக்கு அடியில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி மெல்லிய சத்தம் வரும். அது வந்த பிறகுதான் கட்டையைத் தொடுவார். தாளைப் பிலோமினாள் போட்டதும், எவர்சில்வர் கரண்டியின் முதுகால் இருவரும் ஆளுக்கொரு பக்கமிருந்து தேய்ப்பார்கள். முழங்கை வலிக்கிற வேலை. இரண்டரை ஆண்டுகளாக அந்த வீட்டில் சேர்ந்து நடந்த ஒரே வேலையும் அதுதான்.

அன்று தாளின் மூலையைப் பிடித்து உரித்துக்கொண்டிருந்த லூர்துராஜின் கை பாதியில் நின்றது.

“உரிங்க. காஞ்சா ஒட்டிக்கிரும்.”

“பிலோமி, இது யாரு?”

“ஆணி அடிக்கிறவன்.”

“அது தெரியுது. மூஞ்சி யாருது?”

“தெரிஞ்சுதான கேக்குறீங்க.”

அவர் மீதியையும் உரித்தார். படுத்திருக்கும் சிலுவை. அதில் கிடப்பவரின் தலை, விரித்த ஒரு கை. கைமேல் குனிந்து, சுத்தியலை ஓங்கியபடி ஒருவன். முகம் ஓர் எலுமிச்சம்பழ அளவுதான். கீழுதட்டைப் பல்லால் கடித்த பாதிச் சிரிப்பு, நெற்றியில் விழுந்த முடி, தாடையில் ஒரு தழும்பு. கூண்டில் நின்ற காசிமாயன் அப்படியே தாளில் இருந்தார்.

“கட்டையில பாத்தப்ப எனக்குத் தெரியலையே.”

“கட்டையில எல்லாம் எதிர்ப் பக்கமாவுல்ல இருக்கும். வெட்டுன எனக்கே இப்பத்தான் பக்குங்குது.”

“கோயில்ல மாட்டுற படம்டி இது.”

“மாட்டத்தான வெட்டுனேன்.”

“இம்புட்டு நாளா கோர்ட்டுல உக்காந்து பாத்தது இதுக்குத்தானா?”

“வேற எதுக்கு விட்டாங்க என்னய? பேச விட்டாங்களா? உக்காந்து பாக்கத்தான் விட்டாங்க. பாத்தேன்.” பிலோமினாள் கையை மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்தார். “கோர்ட்டு விட்ருச்சு. சரி. நான் விடல. நமக்கப்புறமும் வெள்ளிக்கு வெள்ளி சனம் முழங்கால் போட்டு இவனப் பாக்கும். என்னால ஆனது அம்புட்டுத்தான்.”

லூர்துராஜ் தாளைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினார். பிறகு இருவரும் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொள்ளப் பூசைக்குப் போனார்கள்.

*

கட்டைகளை இழைத்துக் கொடுப்பவர் ஜமீல். தெற்கு வாசல் பக்கம் மரக்கடை. மஞ்சக்கடம்புதான் இதற்குத் தோது, நார் தெறிக்காது என்று பதினான்கு பலகையையும் பார்த்துப் பொறுக்கியவர். பலகைக்கு ஒரு சோதனை அச்சுத் தாள் தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்வார். சுவரில் மாட்ட மாட்டார். சுருட்டி வைத்திருந்து, வரும் ஆட்களிடம் மரத்தின் நயத்தைக் காட்ட விரிப்பார்.

மார்ச் கடைசியில் ஒருநாள் அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“உள்ள வாங்க பாய். நோன்பா? தண்ணிகூடக் குடுக்க முடியாதே உங்களுக்கு.”

“தண்ணி கெடக்கட்டும் டீச்சர். நான் ஒரு கிறுக்குத்தனம் பண்ணிட்டேன். அவனியாபுரத்துல லாரிக்கு பாடி கட்டுற பட்டறைக்காரவுக பலகை எடுக்க வந்தாக. மஞ்சக்கடம்பு எப்பிடி நிக்கிது பாருங்கன்னு உங்க பதினொண்ண விரிச்சுக் காமிச்சேன். கூட வந்த ஆளு அப்பிடியே நின்னுட்டான். பாய், இத யாரு வெட்டுனதுன்னான். நான் வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, டீச்சர் பேரு, வீடு அம்புட்டையும் சொல்லிட்டேன்.”

“சொன்னா என்ன பாய்?”

“அப்பறந்தான் அவன் மூஞ்சியப் பாத்தேன். யா அல்லா, ஒரு ரோமம் மாறல டீச்சர்.”

லூர்துராஜ் எழுந்து வந்தார். “சத்தம் போட்டானா?”

“அதான் இல்ல சார். செருப்பக் கழட்டிட்டான். என் கடையில மரத்தூளும் ஆணியும் கெடக்குற தரையில, வெறுங்காலோட அந்தத் தாளுக்கு முன்னாடி நின்னான். ஓனரு கூப்புடுறாரு, காதுல விழுகல. எனக்கே உடம்பு ஒரு மாதிரி ஆயிப் போச்சு.”

*

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மதியம் காசிமாயன் வந்தார். கூட மனைவி சின்னத்தாய். தார் ரோடு இளகும் வெயில். காசிமாயனின் இடது கட்டை விரலில் பெரிய கட்டு.

“யாரு வேணும்?” என்றார் லூர்துராஜ், கதவில் கையை வைத்துக்கொண்டு.

“காசிமாயன்ங்க.”

“தெரியும். யாரு வேணும்னு கேட்டேன்.”

உள்ளேயிருந்து பிலோமினாளின் குரல் வந்தது. “வரச் சொல்லுங்க. அந்தப் பொம்பளப் பிள்ளையாச்சும் வெயில்ல நிக்க வேணாம்.”

முன்னறையில் கொடியில் தாள்கள் தொங்கின. காசிமாயன் மற்ற எதையும் பார்க்கவில்லை. தன்னுடையதைக் கண்டுபிடித்து அதன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். நாற்காலியைக் காட்டியும் ஏறவில்லை.

“டீச்சரம்மா, எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தன் அநியாயம் பண்ணிட்டான், அவன ஒண்ணும் செய்ய முடியலன்னா, சாமி முன்னாடி போயி ஒரு காச ரெண்டா வெட்டிப் போட்ருவோம். இனி நீயாச்சு அவனாச்சுன்னு சாமிகிட்ட விட்டுட்டு வந்துருவோம். அத நீங்க பண்ணிட்டீங்க.”

“நாங்க கிறிஸ்தவங்க. அதெல்லாம் எங்களுக்குக் கெடையாது.”

“கெடையாதா? நீங்களே பாருங்க.” அவர் கட்டுப் போட்ட விரலால் படத்தின் அடிப்பட்டையைக் காட்டினார். “சாட்டை. கயிறு. ஆணி. சங்கிலிக்குப் பதிலாக் குறடு. அருவாளுக்குப் பதிலாச் சுத்தியல். எங்க கருப்பு முன்னாடி இருக்கதும் இம்புட்டுத்தான். ஆணிச் செருப்பு ஒண்ணுதான் கொறையிது. அம்புட்டு ஆயுதத்தையும் வரிசையா வெச்சு, மேல என் மொகத்த வெட்டி வெச்சிருக்கீங்க. சாமி பேரு வேற. பண்ணது ஒண்ணுதான?”

பிலோமினாள் அந்தப் பட்டையைப் பார்த்தார். ஃபாதர் கேட்டதற்காக, புத்தகத்தில் பார்த்து, ஒரு பூ வேலைப்பாடு போல அவர் செதுக்கியவை. இந்த மனிதர் அதை வரி வரியாகப் படித்துவிட்டார்.

“காசுன்னா ஒரு வெட்டு. இது எத்தன தாளு அடிப்பீங்க?”

“கோயிலுக்கு ஒண்ணு. மறைமாவட்டத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கேட்டவங்களுக்குன்னு ஒரு பதினஞ்சு.”

“அப்ப பதினஞ்சு வெட்டு.” அவர் விரலைத் தூக்கிக் காட்டினார். “படத்தப் பாத்த மறுநா ரிவிட் அடிக்கிறேன். சின்னப் பிள்ளையில இருந்து சுத்தியல் பிடிக்கிறவன் நான். ஒரு நா விரல்ல பட்டதில்ல. நகத்தோட நசுங்கிப் போச்சு.”

லூர்துராஜுக்குப் பொறுக்கவில்லை. “விரலு நசுங்குச்சுன்னு எங்க வீட்டுக்குப் பிராது குடுக்க வந்தியா? எங்களுக்கு என்னா போச்சுன்னு தெரியுமா ஒனக்கு?”

“தெரியும் சார்.”

“என்னத்தத் தெரியும்? கூண்டுல ஏறி, நான் அங்கிட்டு இல்லவே இல்லன்னு சொன்னவன்தான நீ?”

“ஆமா சார்.”

“பெறகு?”

காசிமாயன் மனைவியைப் பார்த்தார். சின்னத்தாய் சேலை முந்தியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “சொல்லிருங்க மாமா. அதுக்குத்தான இந்த வெயில்ல வந்தோம்” என்றார்.

“வெட்டுன காசத் திரும்பச் சேக்கணும்னா ஒரு வழிதான் இருக்கு. வெட்டுனவுகளும் வெட்டுப்பட்டவனும் ஒண்ணா நிக்கணும். பட்டவன் மொதல்ல உள்ளத உள்ளபடி சொல்லணும். அதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா, எடுக்குறதுக்குப் பதிலா ரெண்டா ஏறிரும்.” அவர் படத்திலிருந்து கண்ணை எடுத்தார். “வண்டிய நாந்தான் ஓட்டுனேன்.”

மின்விசிறியின் காற்றில் தாள்கள் அசைந்தன. பிலோமினாள் எழுந்து விசிறியை நிறுத்தினார்.

“பிரேக்கு வேல முடிச்சு, ஓட்டிப் பாக்க எடுத்தேன். லேசாத் தூறல். பைக்கு திரும்புச்சு. மிதிச்சேன், பெடல் தரை வரைக்கும் போயிருச்சு. அடிச்சப்பறம் எறங்கித் தம்பிகிட்ட ஓடுனேன். தம்பிக்கு நெனவு இருந்துச்சு. ‘அண்ணே, எங்கப்பாவுக்கு ஒரு போன் போடுங்க’ன்னு நம்பர் சொல்லுச்சு. செல்ல எடுத்து நம்பர அடிச்சுட்டேன் சார். பச்சைய அமுக்குறதுதான் பாக்கி. அமுக்குனா என் நம்பர் அங்க வந்துருமேன்னு நின்னுட்டேன். அங்கிட்டு ஒரு வண்டி வெளிச்சம் வந்துச்சு. ஓடிட்டேன்.”

“பொய்,” என்றார் லூர்துராஜ். “எங்க மனசக் கரைக்கச் சொல்ற.”

காசிமாயன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு செல்போன் எண்ணைச் சொன்னார். பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதைப்போல.

வழக்குத் தாள்களில் இருந்தது பிலோமினாளின் எண். இது லூர்துராஜின் பழைய எண். மகனை அடக்கம் செய்த வாரமே, துக்கம் கேட்டுக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் அந்தச் சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டார். இந்த மனிதருக்கு அது தெரிய இந்த உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் சொல்லியிருக்க முடியும்.

“அது என் நம்பர் பிலோமி,” என்றார். “அன்னைக்குப் பூராம் போனு என் கையிலதான் இருந்துச்சு.”

தெருவில் ஒரு தண்ணீர் லாரி குழாயை இழுத்துப்போட்டுக்கொண்டிருந்தது. குடங்களின் சத்தமும் பெண்களின் ஏச்சும் வந்து போயின.

பிலோமினாள்தான் கேட்டார். “எப்பிடிச் சொன்னான்? அலறுனானா?”

“இல்லம்மா. நிதானமா. கடைசி ரெண்டு நம்பர நான் மாத்தி அடிச்சேன். ‘அப்பிடி இல்லண்ணே’ன்னு திருத்திச் சொல்லுச்சு.”

பிலோமினாள் கொடியிலிருந்து தாளைக் கழற்றினார். அதையும் தரையில் உட்கார்ந்திருப்பவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோர்ட்டில் ஒருநாள்கூட அவர் இந்த முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

“ஒன்னச் சிரிக்கிற மாதிரி வெட்டியிருக்கேன்,” என்றார்.

“அதத்தான் நானும் பாத்தேன். நான் சிரிக்கலம்மா.”

சின்னத்தாய் முன்னால் நகர்ந்து வந்தார். “அந்த மொகத்த எடுத்துருங்கம்மா. வீட்ல ரெண்டு பொட்டப் பிள்ளைக இருக்கு. நாளைக்குக் கட்டிக் குடுக்கணும்.”

“இங்க சொன்னத அங்கயும் போய்ச் சொல்லட்டும். எடுக்குறேன்.”

“பிலோமி, பேரம் பேசுறியா?” என்றார் லூர்துராஜ்.

“ஆமா. பேரந்தான். வேற என்ன இருக்கு என் கையில?”

காசிமாயன் கட்டுப் போட்ட விரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்னால் சிறை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“சொல்றேன். ஆனா மொகத்த எடுக்காதீங்க.”

“மாமா!” சின்னத்தாய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். “கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“நீ சும்மா இருத்தா. எடுத்துட்டா வெட்டுனதே இல்லன்னு ஆயிரும். அந்தத் தம்பி நம்பர் சொன்னதும் இல்லன்னு ஆயிரும். இந்த ரெண்டு வருசம் எனக்கு அப்பிடித்தான ஓடுச்சு? தூங்குனனா நான்? ஒனக்குத் தெரியாதா?” பிறகு பிலோமினாளிடம் திரும்பினார். குரலில் பணிவு குறைந்திருந்தது. “திருத்துங்க டீச்சரம்மா. அதுல பொய்யா இருக்கது மட்டும் போகட்டும். பொய்ப் பிராது, வெச்சவுகளையே திருப்பி அடிக்கும். உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

அன்று தவக்கால வெள்ளி. வீட்டில் கஞ்சியும் பருப்புத் துவையலும்தான். பிலோமினாள் நான்கு தட்டு வைத்தார். சின்னத்தாய் இரண்டு வாய் குடித்தார். காசிமாயன் தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

*

வெட்டிய மரம் திரும்ப முளைக்காது. ஆனால் மர அச்சுக்காரர்களுக்கு ஒரு பழைய உபாயம் உண்டு. தவறான இடத்தை மட்டும் வட்டமாகத் துளைத்து எடுத்துவிட்டு, அதே மரத்தில் அதே அளவுக்கு ஒரு வில்லையை இறுக்கி, மறுபடி செதுக்குவது. ஜமீல் முன்னறையிலேயே உட்கார்ந்து அதைச் செய்தார்.

“சொத்தப் பல்லப் பிடுங்கிட்டுப் புதுப்பல்லு வைக்கிற மாதிரித்தான் டீச்சர். என்ன, இந்த வேலைக்கு எங்க தெருப் பல் டாக்டரு கேக்குற துட்டுல ஒரு ஜன்னலே செய்யலாம்.”

“ஆடாதுல்ல பாய்?”

“நாரு போற தெச பாத்து வெச்சிருக்கேன். வெயிலு என்ன பண்ணுமோ, அது என் கையில இல்ல.”

துளைத்தெடுத்த பழைய முகம் ஒரு வடை அளவு துண்டாக மேசையில் கிடந்தது. லூர்துராஜ் அதை எடுத்து விறகு அடுப்பு வைத்திருந்த பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

காசிமாயன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்தார். பிலோமினாள் வரைந்தார், கிழித்தார், வரைந்தார். முகம் வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் காசிமாயன். இரும்புப் புகையும் கிரீஸ் மணமும் குளித்த பிறகும் அவர் மேல் இருந்தன.

“ஏன்ப்பா, ஆதார் கார்டுக்கா போட்டோ எடுக்குறாங்க? தோளத் தொங்கப் போடு,” என்றார் ஒரு தடவை பிலோமினாள்.

“சும்மா உக்காந்து பழக்கமில்லம்மா. கையில எதாச்சும் குடுங்க.”

சுத்தியலைக் கொடுத்தார்கள். கொஞ்சம் இளகினார். அப்போதும் வரவில்லை.

குருத்தோலை ஞாயிறு அன்று, அதுவரை பின்கட்டைவிட்டு வெளியே வராத லூர்துராஜ் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து காசிமாயனுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். தெருவில் பிள்ளைகள் ஓலைகளை ஆட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

“அந்த நம்பர இன்னொரு தடவ சொல்லு,” என்றார்.

காசிமாயன் அவரையே பார்த்துக்கொண்டு சொன்னார். முதலில் தட்டுத் தடுமாறாமல் வந்தது. கடைசி இரண்டு இலக்கங்களுக்கு முன்னால் நின்றார். வாய் திறந்திருந்தது. கண் லூர்துராஜின் முகத்தில் இல்லை, அவர் மடிக்குக் கீழே, தரையில் எதிலோ நிலைத்தது. ஓங்கவும் முடியாமல் போடவும் முடியாமல் சுத்தியல் கையில் அப்படியே நின்றது.

“அப்பிடியே இரு,” என்றார் பிலோமினாள். “ஆண்டவரே. அப்பிடியே இருப்பா.”

பென்சில் நான்கைந்து கோடுதான் போட்டது. லூர்துராஜ் திரும்பித் தாளைப் பார்க்கவில்லை. எதிரில் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மாத்திச் சொல்லிராத” என்றார் மெதுவாக. காசிமாயன் மீதி இரண்டையும் சரியாகச் சொன்னார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பிலோமினாள் அந்த வில்லையைச் செதுக்கினார்.

*

புனித வியாழனன்று காலையில் பதினோராம் நிலையை மறுபடி அச்செடுத்தார்கள். ஏப்ரல் நடு வெயில். மை சீக்கிரம் இறுகியது. லூர்துராஜ் ரோலரை ஓட்டி, சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார். ஜமீலும் வந்திருந்தார். ஃபாதர் ஜெரால்ட் சட்டகங்களோடு காத்திருந்தார்.

தாள் உரிந்து வந்தபோது நால்வரும் நெருங்கி வந்தார்கள்.

முகம் வந்திருந்தது. சுத்தியல் ஓங்கியபடி நின்றவன் ஆணியைப் பார்க்கவில்லை, கீழே கிடந்தவரின் வாயைப் பார்த்தான். அவர் ஏதோ சொல்ல, அதைக் கேட்டுவிட்டவனின் முகம். ஆனால் அவர்கள் பார்த்தது அதை மட்டும் அல்ல. அந்த இரண்டு வார வெயிலில் ஜமீலின் வில்லை ஒரு நூல் சுருங்கியிருந்தது. பலகைக்கும் வில்லைக்கும் நடுவில் மை ஏறாத இடைவெளி. கறுப்புப் பின்னணியில், ஆணி அடிப்பவனின் தலையைச் சுற்றி, முடி அளவு மெல்லிய, முழுமையான ஒரு வெள்ளை வட்டம்.

“அல்லா சத்தியமா நான் நல்லா இறுக்கித்தான் வெச்சேன் டீச்சர்,” என்றார் ஜமீல்.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். “ஒளிவட்டம் மாதிரில்ல இருக்கு?”

“இணைப்புக் கோடு ஃபாதர்.”

“பதினாலு படத்துல ஆண்டவருக்கே நீங்க ஒளிவட்டம் போடலையே டீச்சர்.”

“போடல.”

“சனங்க கேக்கும். அறைஞ்சவனுக்கு எதுக்கு வட்டம்னு. நான் என்ன சொல்ல?”

“மெழுக வெச்சு அடைச்சு இழைச்சா அரை மணி நேரத்துல தெரியாமப் போயிரும்,” என்றார் ஜமீல். ஏற்கெனவே பையில் கையை விட்டிருந்தார்.

பிலோமினாள் கணவரைப் பார்த்தார். “என்னங்க?”

லூர்துராஜ் ரோலரைக் கண்ணாடித் தட்டில் வைத்தார். “நான் அடைக்கச் சொல்ல மாட்டேன். விடச் சொல்லவும் மாட்டேன். நீ பாத்துக்க.”

பிலோமினாள் விரல் நுனியால் கட்டையில் அந்தக் கோட்டைத் தடவினார். நகம்கூட உள்ளே போகவில்லை. மகனைக் கொன்றவனின் தலையைச் சுற்றி அந்த வட்டத்தை அவர் ஒருநாளும் வெட்டியிருக்க மாட்டார். உளி நழுவியிருக்கும். கையே படாமல், யாரும் கேட்காமல், காம்பஸ் வைத்தாற்போல அது வந்து நின்றது.

“நான் வெட்டல,” என்றார் கடைசியில். “நான் வெட்டாதத நான் அடைக்க மாட்டேன். மை உருட்டுங்க. இன்னும் பதினாலு இருக்கு.”

மறுநாள் பெரிய வெள்ளி. கோயிலுக்குள் இடமில்லாமல் சனம் ரோடு வரை நின்றது. ஒவ்வொரு நிலையிலும் முழங்காலிட்டு எழுந்து நகர்ந்த கூட்டம் பதினோராவதில் எழவில்லை. செபம் சொல்லி முடித்த உபதேசியார் அடுத்ததற்கு இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, மறுபடி அங்கேயே வந்து நின்றார். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண், “அவன் கேட்டுட்டான்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். வெளியே மணிக்கூண்டுக்கு அடியில் காசிமாயனும் சின்னத்தாயும் வெறுங்காலில் நின்றிருந்தார்கள். அங்கிருந்து படம் தெரியாது. முழங்காலிட்டவர்களின் முதுகுகள்தான் தெரியும்.

கோடை விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறந்ததும், காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு லூர்துராஜ் மேல்முறையீடு செய்தார். காசிமாயன் நேரில் வந்து வண்டியை ஓட்டியது தான்தான் என்று வாக்குமூலம் கொடுத்தார். விடுதலைத் தீர்ப்பு ரத்தானது. ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. காசிமாயன் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவில்லை.